சிறுவர் சாகசக் கதைகளிற் பாலும் விருப்பும்

முன்னுரை

சிறுவர்க்கென எழுதப்பெற்ற ஆங்கிலச் சாகசக் கதைகள் தமிழ்நாட்டுப் பள்ளிகளிலும் நூலகங்களிலும் பல தலைமுறையாக வாசிக்கப்பட்டு வருவன. தீவு, படகு, புதையல், சுரங்கவழி, கள்வர் என்று இவற்றின் பொருள் எளியது. எனினும், இளமையில் இவற்றைப் படித்தோர் பல்லாண்டு கழிந்த பின்னரும் நினைவில் வைத்திருப்பது புதையலைக் காட்டிலும் அதனைத் தேடிச் சென்ற சிறாரின் இயல்பினையே எனலாம். அச்சிறாருட் சிலர், பெண்ணாகப் பிறந்தும் பெண்ணெனப்படுவதை ஒவ்வாதவர். சிலர் ஆணாக வளர்ந்து பெண்ணாக முடிபவர். சிலர் ஒரு பொழுதுக்கு மாற்றுடை புனைபவர். இத்தகையோரைப் பற்றி மேலைநாட்டுத் திறனாய்வாளர் கடந்த சில பத்தாண்டுகளாக எழுதி வருகின்றனர். மிஷெல் ஆன் அபேட் 2008இல் ஆண்போக்குடைய சிறுமியரின் இலக்கிய வரலாற்றினைத் தனி நூலாகவே எழுதினார். கேத்ரின் பாண்ட் ஸ்டாக்டன் 2009இல் வெளியிட்ட நூலில், நேரே மேல்நோக்கி வளர இடம்பெறாத குழந்தை பக்கவாட்டில் வளர்கின்றது என்னும் கருத்தினை நிறுவினார்.

பிறந்தபொழுது குறிக்கப்பெற்ற பாலும் தாம் உணரும் பாலும் வேறாக இருப்போரை இன்று திருநர் என்கிறோம். அவருள் ஆணாக உணர்வோர் திருநம்பியர், பெண்ணாக உணர்வோர் திருநங்கையர். பாலும் காதலும் பற்றிய பொதுவழக்கினுள் அடங்காத வாழ்வுகள் நூலில் எவ்வாறு இடம்பெறுகின்றன என ஆராய்வதைப் பால்புதுமை வாசிப்பு என்பர். இவ்வாசிப்பு சிறுவர் கதைகள்மீது செல்லுங்கால் இரண்டு மிகைகள் நேர்வதுண்டு. குட்டை முடியுடைய சிறுமி எவரைக் கண்டாலும் திருநம்பி எனத் துணிவது ஒன்று. இவையெல்லாம் பிள்ளை விளையாட்டு, இவற்றில் ஆராய ஏதுமில்லை எனத் தள்ளிவிடுவது மற்றொன்று. முன்னது நூலைப் படிப்பதற்கு முன்னரே முடிபு கூறுகின்றது. பின்னது நூலில் எழுதப்பட்டிருப்பதனையே படியாது விடுகின்றது. இரண்டிற்கும் இடையே நின்று தெளிவதற்கு ஓர் அளவை வேண்டும். அதனை வகுத்துக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தமிழில் இதனை ஆராய்வோர்க்கு ஓர் இடர்ப்பாடு முதலிலேயே எதிர்ப்படுகின்றது. ஆங்கிலத்திற் சுட்டுப்பெயர் மட்டுமே பால் காட்டும். தமிழிலோ படர்க்கை வினைமுற்று ஒவ்வொன்றும் பால் காட்டும். 'வந்தான்' என்றோ 'வந்தாள்' என்றோ முடிக்காமல் ஒரு சிறுவரைப் பற்றி ஒரு தொடரும் எழுத இயலாது. முடித்த அளவிலேயே வழக்கிற்குத் தீர்ப்புக் கூறினவர் ஆவோம். ஆதலின், ஆராய்ச்சி முடியுந்துணையும் இக்கதைமாந்தர் அனைவரையும் பலர்பாலாகிய உயர்வுச் சொல்லாலேயே குறிப்போம். பதினோரு அகவையினரை 'அவர்' என்றல் சற்று மிகையாகத் தோன்றினும், இது பற்றிக் கொண்ட வழக்கென்க.

ஆண்களே உலாவிய தீவு

சாகசக் கதை தோன்றிய காலத்திற் பெண்ணுக்கு அதில் இடமில்லை. பாலன்டைனின் 'பவளத் தீவு' என்னும் கதையிற் கப்பலுடைந்து கரையேறுவோர் மூவரும் ஆண்பிள்ளைகள். ஸ்டீவன்சனின் 'புதையல் தீவு' 1881ஆம் ஆண்டு முதல் இதழொன்றில் தொடராக வந்து 1883இல் நூலாயிற்று. அது சிறுவர்க்குரிய கதை. அதிற் பெண்டிர் வேண்டுவதில்லை என முடிவு செய்தே தாம் எழுதியதாக ஸ்டீவன்சனே பின்னர்க் குறித்துள்ளார். கதையில் ஜிம் என்னும் சிறுவரின் தாய் தொடக்கத்திற் சிறிது தோன்றுவதன்றிக் கப்பலிலும் தீவிலும் பெண்வாடை இல்லை.

இவ்விலக்கு இரு விளைவுகளைத் தந்தது. ஒன்று, அன்பு, சினம், பொறாமை, பிரிவு, மன்னிப்பு என்னும் உணர்வுகளெல்லாம் ஆண்களுக்கிடையிலேயே நிகழ்தல். ஜிம்முக்கும் ஒற்றைக்கால் சில்வருக்கும் இடையே ஓடும் ஈர்ப்பும் அச்சமுமே அந்நூலின் உயிர் என்பதைப் படித்தோர் அறிவர். ஆணுக்கும் ஆணுக்கும் இடைப்பட்ட பிணைப்புகளை 1985இல் விரிவாக ஆராய்ந்த ஈவ் செட்ஜ்விக், நட்பென்றும் காதலென்றும் அவற்றிடையே வரையப்படும் கோடு காலந்தோறும் மாறுவது எனக் காட்டினார். ஆயினும் ஜிம்மின் உள்ளத்தைக் காதலெனப் பெயரிட நூலில் இடமில்லை. ஆண்களிடையே தோன்றும் பேரன்பினை நாணமின்றிக் காட்டும் கதை என்னும் அளவில் நின்றுவிடுதல் நன்று.

மற்றொரு விளைவே நம் பொருளுக்கு உரியது. சாகசத்தின் உலகம் முழுவதும் ஆணுலகாயிற்று. ஆகவே, அதனுட் புக விரும்பிய சிறுமி, 'பெண்' என்னும் பெயரை வாயிலிலேயே விட்டுச் செல்ல வேண்டியவர் ஆனார். பின்வந்த கதைகளில் ஆண்பெயர் கொண்ட சிறுமியர் பலராகத் தோன்றியதற்கு இது ஒரு காரணம். அவருள் எவர் வாயிலைக் கடப்பதற்காகப் பெயர் மாற்றினார், எவர் அப்பெயரே தம் பெயர் எனக் கொண்டார் என்பதைப் பிரித்தறிதல் வேண்டும். உடை, செயல், பெயர், விருப்பு என்னும் நான்கினையும் முறையே கொண்டு ஆராய்வோம்.

உடை

மார்க் டுவெயினின் 'ஹக்கிள்பெரி பின்' (1884) கதையில், தீவில் மறைந்து வாழும் ஹக், கரையின் செய்தி அறியும் பொருட்டுச் சிறுமியின் பாவாடையும் தலைக்குல்லாயும் அணிந்து ஒரு வீட்டிற்குச் செல்கின்றார். அவ்வீட்டுப் பெண்மணியாகிய ஜூடித் லாப்டஸ் ஐயுற்று மூன்று வகையிற் சோதிக்கின்றார்: ஊசியில் நூல் கோக்கும் முறை, எலிமேல் ஈயக்கட்டி எறியும் முறை, மடியில் எறிந்த பொருளை ஏந்தும் முறை. பாவாடை அணிந்து பழகியவர் முழங்கால்களை விரித்து மடியை அகலமாக்குவர். ஹக் கால்களைச் சேர்த்துப் பிடிக்கின்றார். வேடம் கலைகின்றது.

இக்காட்சி நகைச்சுவைக்காக எழுதப்பட்டதாயினும் ஆழமான ஓர் உண்மையை உட்கொண்டது. அம்மூன்று சோதனைகளும் பிறப்பினைச் சோதிப்பன அல்ல, பழக்கத்தைச் சோதிப்பன. ஆண்மை பெண்மை எனக் கருதப்படுவனவற்றுட் பெரும்பகுதி கையும் காலும் கற்ற பாடமே என்பதை அப்பெண்மணி நன்கறிவார். ஆயினும் ஹக்கினைத் திருநர் எனக் கொள்ள முடியாது. அவ்வுடை அவர்க்கு ஒற்றறிதற்குரிய கருவி. வேலை முடிந்ததும் களையப்படுவது. எனவே, உடை மட்டும் பாலை அறிவிக்கும் சான்றாகாது என்பது முதற்கண் பெறப்படும்.

செயலும் பெயரும்

ஆர்தர் ரான்சமின் 'சுவாலோக்களும் அமேசான்களும்' (1930) இங்கிலாந்தின் ஏரி நாட்டில் நிகழும் கதை. பெயரிலுள்ள இரண்டும் பாய்மரப் படகுகள். அமேசான் என்னும் படகின் தலைவர் நான்சி பிளாக்கெட். இவர்தம் இயற்பெயர் ரூத். அச்சொல் ஆங்கிலத்தில் இரக்கத்தையும் குறிக்கும். கடற்கொள்ளையர் இரக்கமற்றவர் என மாமன் கூறக்கேட்டு, இரக்கத்தின் பெயரை வைத்துக்கொண்டு கொள்ளையராக இருத்தல் எங்ஙனம் என எண்ணி, நான்சி எனத் தம் பெயரை மாற்றிக்கொண்டவர் இவர். ஆணைகள் இடுவதிலும் படகு செலுத்துவதிலும் போர்த்திட்டம் வகுப்பதிலும் இவர்க்கு நிகரானவர் அத்தொடரில் இல்லை.

எனினும் நான்சி தம்மை ஆண் என எங்கும் கூறுவதில்லை. அவர் கொண்ட புதுப்பெயரும் பெண்பெயரே. அவர் மறுப்பது பெண் என்னும் நிலையை அன்று. பெண்ணுக்கு இதுவே தொழில் என வகுக்கப்பட்ட குறுகிய எல்லையை. இதற்குச் சிறந்த சான்று 'பிக்டுகளும் தியாகிகளும்' (1943) என்னும் கதை. தாய் ஊரில் இல்லாத வேளையிற் கண்டிப்பு மிக்க பாட்டி முறையினராகிய பெரிய அத்தை வந்து தங்குகின்றார். தாயின்மேற் பழி வாராமைப் பொருட்டு நான்சியும் தங்கையும் நல்லுடை அணிந்து அடக்கமுள்ள சிறுமியராக ஒழுகுகின்றனர். அந்நாள்களில் நான்சி மீண்டும் 'ரூத்' ஆகின்றார். ஹக்குக்குப் பாவாடை எவ்வாறு வேடமோ, நான்சிக்கு அடக்கமான பெண்மை அவ்வாறே வேடம். பெண்மை என்பதும் நடித்துக் காட்டப்படுவதே எனக் காண்போர்க்கு இவ்விடம் வளமான சான்றாகும். ஆயின் நான்சி அவ்வேடத்தைச் சிரித்துக்கொண்டே தாங்குகின்றார். 'ரூத்' என்னும் அழைப்பு அவரைப் புண்படுத்துவதில்லை. வீரமும் பெயர்மாற்றமும் ஒருங்கிருந்தும் ஆண்பாலை அவாவுதல் இங்கில்லை. எனவே செயலும் பெயரும்கூடத் தம்மளவில் முடிந்த சான்றுகள் ஆகா.

விருப்பு

இனி எனிட் பிளைட்டனின் ஐவர் கதைகளுக்கு வருவோம். 1942இல் தொடங்கி 1963 வரை இருபத்தொரு கதைகள் இவ்வரிசையில் வெளிவந்தன. முதற்கதையில் ஜூலியன், டிக், ஆன் என்னும் மூவரும் கடற்கரை ஊராகிய கிரினுக்கு விடுமுறைக்கு வந்து, அதுவரை கண்டிராத தம் உறவினராகிய ஜார்ஜைச் சந்திக்கின்றனர். வீட்டார் வைத்த பெயர் ஜார்ஜினா. அப்பெயரால் அழைத்தால் அவர் விடை கூறமாட்டார். பெண்ணாக இருத்தல் தமக்கு வெறுப்பு என்றும், தாம் பெண்ணாக இருக்கப்போவதில்லை என்றும் அறிமுகமான அன்றே வெளிப்படையாகக் கூறுகின்றார். ஆண்பிள்ளை எனத் தம்மைப் பிறர் கருதினால் மகிழ்கின்றார். அவருடைய நாயாகிய டிமோத்தியை மறைவாக வளர்த்து உதவும் மீனவச் சிறுவர், ஆண்பிள்ளைக்குரிய மரியாதைச் சொல்லை முன்வைத்தே ஜார்ஜை அழைக்கின்றார். கேட்டு நின்ற உறவினர் வியக்கின்றனர், ஜார்ஜ் வியப்பதில்லை.

ஜார்ஜ் வேண்டுவது உரிமையையே, ஆண்பாலை அன்று எனப் பெண்ணிய நோக்கினர் சிலர் கூறுவர். இஃது எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. தமக்கு விருப்பமானவை ஆண்பிள்ளைகள் செய்பவையே என்றும், ஏறுவதிலும் நீந்துவதிலும் எந்த ஆண்பிள்ளையையும் தாம் வெல்ல முடியும் என்றும் ஜார்ஜே காரணம் கூறுகின்றார். 1942இல் ஒரு சிறுமி உரிமையைக் குறிக்க அறிந்த சொல் 'ஆண்' என்பதாகவே இருந்திருத்தல் கூடும். மேலும், அடுக்களை வேலை எப்பொழுதும் ஆனுக்கே உரியதாக அக்கதைகளில் அமைவதை நோக்கின், அவ்வேலையினின்று தப்புதற்கு ஆண்பெயர் ஒரு வாயில் என்பதும் உண்மையே.

ஆயினும் கதையை ஊன்றி நோக்குவோர்க்கு இவ்விளக்கம் போதாமை புலனாகும். ஜார்ஜுக்குச் சொந்தமாகப் படகு உண்டு. தம்முடையது எனக் கூறிக்கொள்ளத் தீவும் அதிலொரு பாழடைந்த கோட்டையும் உண்டு. பாறைகளுக்கிடையே படகு செலுத்தி அத்தீவை அடையும் வழியை நன்கறிந்த வழிகாட்டி அவரே. ஜூலியனுக்கும் டிக்குக்கும் இல்லாத உரிமைகள் அவரிடம் உள. உரிமையே வேண்டப்பட்டதாயின், அது கைவந்த இடத்திற் பெயரின்மேல் உள்ள பிடிவாதம் தளர்ந்திருத்தல் வேண்டும். அது தளரவில்லை. நான்சி 'ரூத்' என்பதனை விருந்தினர்க்காக அணியும் உடைபோல அணிகின்றார். 'ஜார்ஜினா' என்பதனையோ ஜார்ஜ் ஒரு நொடியும் தாங்குவதில்லை. இவ்வேறுபாடே நாம் தேடும் அளவை.

'மர்மச் சதுப்பில் ஐவர்' (1954) என்னும் கதை இதனை மேலும் துலக்கும். அங்கே ஹென்றியெட்டா என்னும் பெயரை நீக்கி ஹென்றி எனத் தம்மை அழைத்துக்கொள்ளும் மற்றொருவர் வருகின்றார். ஒத்த இயல்பினர் ஆதலின் நட்பாவர் என நாம் எதிர்பார்ப்போம். இருவரும் ஒருவரையொருவர் காணவும் பொறுப்பதில்லை. உடனிருப்போர்க்கு இது நகைப்பாகின்றது. ஆசிரியரும் நகைக்கவே எழுதினார் போலும். ஆனால் அந்நகைப்பினடியில் ஒரு துன்பம் உண்டு. இத்தகையார் உலகில் தாம் ஒருவரே என எண்ணி வளர்ந்தவர், தம்மைப்போல் மற்றொருவரைக் காணுங்கால், தம் மெய்யும் பிறர் கண்ணுக்கு இவ்வாறே போலியாகத் தோன்றுமோ என அஞ்சுதல் இயல்பு. பின்னர் ஹென்றி இரவில் அஞ்சாது உதவி செய்தபின்னரே உறவு சீராகின்றது. விளையாட்டு ஒன்றே எனின், இத்துணைக் கசப்பிற்கு இடமில்லை.

ஜார்ஜ் உண்மையில் வாழ்ந்த ஒருவரை ஒட்டிப் படைக்கப்பட்டவர் எனப் பிளைட்டன் தம் வாழ்க்கைக் கதையில் (1952) எழுதினார். அவர் தாமே எனப் பின்னர் ஒப்பினார் என்பர் அவர்தம் வரலாற்றாசிரியர். பிளைட்டன் மனைவியாகவும் தாயாகவும் வாழ்ந்தவர் ஆதலின் ஜார்ஜும் அவ்வாறே வளர்ந்திருப்பார் எனச் சிலர் வாதிடலாம். படைத்தோர் வாழ்வைக் கொண்டு பாத்திரத்தின் எதிர்காலத்தை நிறுவுதல் திறனாய்வு நெறியன்று. நூல் தரும் சான்று ஜார்ஜின் விருப்பு ஒன்றே. அது முதற்கதை முதல் மாறாது நிற்கின்றது.

விருப்பிற்கு மாறான முடிவு

விருப்பினை அளவையாகக் கொள்வதன் பயன், எல். பிராங்க் பாமின் 'வியத்தகு ஓஸ் நாடு' (1904) என்னும் கதையில் தெளிவாக விளங்கும். டிப் என்பவர் மோம்பி என்னும் சூனியக்காரியால் ஆண்பிள்ளையாக வளர்க்கப்பட்டவர். பூசணித் தலையுடைய மரமனிதனை உருவாக்கி, மந்திரப் பொடியால் உயிர்பெற்ற அதனை அழைத்துக்கொண்டு ஓடிப்போகின்றார். பல இடர்களைக் கடக்கின்றார். இறுதியிற் பெருமந்திரக்காரியாகிய கிளிண்டா மறைபொருளை வெளிப்படுத்துகின்றார்: டிப் உண்மையில் ஓஸ் நாட்டின் இளவரசியாகிய ஓஸ்மா, குழந்தைப் பருவத்தில் மோம்பியால் ஆணாக உருமாற்றப்பட்டவர். உருமாற்றம் நீக்கப்படுகின்றது. ஓஸ்மா அரியணை ஏறுகின்றார்.

இம்முடிவினைத் திருநங்கையர் பலர் தம் கதையாகக் கொள்வதில் வியப்பில்லை. ஆணென வளர்க்கப்பட்டவர்க்குள் அரசி ஒருத்தி இருந்தாள், ஆணுருவமே வேடம், பெண்ணுருவமே மெய். நூற்றிருபது ஆண்டுகட்கு முன் சிறுவர் நூலொன்று இதனை இழிவின்றி, நகைப்பின்றி, முடிசூட்டு விழாவோடு கூறியிருத்தல் அரியது. பாமின் மாமியாராகிய மட்டில்டா ஜாஸ்லின் கேஜ் அமெரிக்கப் பெண்ணுரிமை இயக்கத்தின் முன்னோடிகளுள் ஒருவர். இதே கதையில் பின்னலூசி ஏந்திய பெண்படையொன்று தலைநகரைக் கைப்பற்றி ஆடவரை வீட்டுவேலைக்கு அனுப்புகின்றது. எனவே பால்பற்றிய வினா அந்நூலில் தற்செயலாக நுழைந்ததன்று.

ஆனால் உருமாற்றத்திற்கு முன்னுள்ள உரையாடலை மறத்தல் கூடாது. செய்தி கேட்ட டிப் திடுக்கிடுகின்றார். தாம் பெண்ணாக விரும்பவில்லை எனக் கூறுகின்றார். சிறிது காலம் இருந்து பார்த்துப் பிடிக்காவிடில் மீண்டும் ஆணாக்க இயலுமா எனவும் கேட்கின்றார். அது தம் கலைக்கு இழுக்கு எனக் கிளிண்டா மறுக்கின்றார். நண்பர்கள் ஆறுதல் கூறுகின்றனர்; டிப் இசைகின்றார். பிறப்பினைச் சான்றாகக் காட்டி, 'நீ பெண்ணே. பெண்ணாக இருத்தலே முறை' எனப் பெரியவர் கூற, ஆணாக வாழ்ந்துவந்த ஒருவர் தம் விருப்பினைக் கைவிடும் காட்சி இது. திருநம்பி ஒருவர் இதனைப் படிப்பின் தம் வீட்டிற் கேட்ட சொற்களையே கேட்பார். ஒரே காட்சி ஒருவர்க்கு விடுதலையாகவும் மற்றொருவர்க்குக் கட்டாயமாகவும் தோன்றுகின்றது. இரண்டு வாசிப்பும் நூலில் வேரூன்றியவையே. முடிவினை மட்டும் நோக்கினால் முன்னதும், விருப்பினை நோக்கினால் பின்னதும் பெறப்படும்.

இக்கதை அக்காலத்தார்க்கு அதிர்ச்சி தராமைக்கு நாடக மேடையும் ஒரு காரணம் எனலாம். அன்றைய மேடையில் இளஞ்சிறுவர் வேடத்தை நடிகையர் ஏற்றல் வழக்கம். அதே 1904ஆம் ஆண்டு திசம்பர் 27இல் இலண்டனில் பேரியின் 'பீட்டர் பான்' அரங்கேறியபொழுது பீட்டராக நடித்தவர் நீனா பூசிகோ என்னும் நடிகை. டிப்பின் கதை 1905இற் சிக்காகோவில் இசை நாடகமாகியபொழுதும் டிப்பாக நடித்தவர் நடிகையே. ஆணுடையுட் பெண்ணைக் கண்டு பழகிய கண்களுக்கு ஓஸ்மாவின் வெளிப்பாடு இயல்பாகத் தோன்றியிருத்தல் கூடும். மேடைவழக்கு இவ்வாறு இடந்தந்தது. பொருளை ஆழ்ந்து எண்ணாதபடி மறைக்கவும் செய்தது.

நன்னூல் தரும் ஒளி

விருப்பினை அளவையாகக் கொள்ளுதல் இன்றைய கொள்கை ஒன்றனைப் பழைய நூல்மேல் ஏற்றுவதாகும் எனத் தடை நிகழலாம். தமிழிலக்கணம் கற்றோர்க்கு இத்தடை வலியுடையதாகத் தோன்றாது. ஆண்மை திரிந்தோரையும் தெய்வத்தையும் குறிக்கும் சொற்கள் தமக்கெனத் தனி ஈறு இன்றிப் பிறபால் ஈறுகளையே கொள்ளும் எனத் தொல்காப்பியர் கிளவியாக்கத்திற் கூறிச்சென்றார். எந்த ஈற்றினை எவர்க்குக் கொள்வது என்னும் வினாவிற்குப் பதின்மூன்றாம் நூற்றாண்டினராகிய பவணந்தியார் நன்னூற் பெயரியலில் விடை வகுக்கின்றார். பெண் தன்மையினை நீக்கி ஆண் தன்மையினை விரும்புவோர்க்கு ஆண்பாற் சொல்லும், ஆண் தன்மையினை நீக்கிப் பெண் தன்மையினை விரும்புவோர்க்குப் பெண்பாற் சொல்லும் உரியன என்பது அவர் கருத்து. அவா என்பதனையே அவர் அளவையாகக் கொண்டமை நோக்கத்தக்கது.

இதனால் நன்னூலார் இன்றைய திருநர் உரிமையினை அன்றே கூறிவிட்டார் எனக் களித்தல் பொருந்தாது. அந்நூற்பாவில் வரும் பெயர் இன்று இழிசொல்லாக ஒலிப்பது. இருவகையினரும் அஃறிணை போலக் கூறப்படுதலும் உண்டு என அதே நூற்பா தொடர்ந்து கூறுவது, உயர்திணையின் வாயிலைத் திறந்து மீண்டும் பாதி சாத்துவதாகும். எனினும், பிறப்பும் உடையும் அன்றி அவாவே சொல்லினை ஆளும் என்னும் கருத்துப் பழமையானது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

இவ்வளவையாற் கதைமாந்தரை நோக்குவோம். ஹக் பெண்மையை அவாவவில்லை, ஆண்பாலே. நான்சி ஆண்மையை அவாவவில்லை, பெண்பாலே. டிப் உருமாறும் வரையில் ஆண்பால்; ஓஸ்மாவாக மனமுவந்து ஆளுங்காற் பெண்பால்; மோம்பியின் மந்திரத்திற்கு உடன்படும் அவ்விடத்திலோ இலக்கணம் டிப்பின் பக்கலும் கதை அவர்க்கு எதிர்ப்பக்கலும் நிற்கின்றன. ஜார்ஜ், ஐயமின்றி, ஆண்பால். இனி ஜார்ஜினை 'அவன்' என்றே குறிப்போம்.

பிளைட்டன் ஆங்கிலத்தில் அவனைப் பெண்பாற் சுட்டாலேயே கூறுகின்றார். எனவே இக்கதைகளைத் தமிழாக்குவோர்க்கு ஒரு பொறுப்பு உண்டு. ஜார்ஜ் தன்னைப்பற்றிப் பேசும் தன்மை வினைகளில் இடர் இல்லை. 'வந்தேன்', 'செல்வேன்' என்பன இருபாற்கும் பொது. மீனவச் சிறுவர் கூற்றில் ஆண்பாலே வருதல் வேண்டும். இன்றேல் அவர்தம் அன்பு புலப்படாது. கதைகூறுவோர் கூற்றில் மூலத்திற்கேற்பப் பெண்பால் வருமாயின், ஆசிரியர்க்கும் பாத்திரத்திற்கும் இடையிலுள்ள பிணக்குத் தமிழில் ஒவ்வொரு வினைமுற்றிலும் ஒலிக்கும். ஆங்கிலத்தில் மறைந்திருப்பது இங்கு வெளிப்படும். மொழிபெயர்ப்பாளர் இதனைப் பிழையெனக் கருதி மழுப்பாது பேணுதல் தகும்.

வளராமை என்னும் விலை

இக்கதைகளனைத்தையும் ஒருங்கு நோக்குங்கால் மற்றொன்றும் புலனாகின்றது. பீட்டர் பான் வளர மறுப்பவர். ஓஸ் நாட்டில் எவர்க்கும் அகவை ஏறுவதில்லை எனப் பாம் பிற்காலக் கதைகளில் விதித்தார். ஐவர் கதைகளில் விடுமுறைகளை எண்ணிக் கூட்டின் அச்சிறார் பள்ளியைக் கடந்து பல்லாண்டு ஆகியிருத்தல் வேண்டும். அவர்களோ இருபத்தொரு கதைகளிலும் விடுமுறைச் சிறாராகவே உளர். பால்பற்றிய உரிமை வழங்கப்படும் இடங்களிலெல்லாம் காலம் நிறுத்தப்பட்டுள்ளது. சிறுமியின் ஆண்போக்குக் குழந்தைப் பருவத்திற் பொறுக்கப்பட்டுப் பூப்பெய்தும் பருவத்திற் கண்டிக்கப்படுவது என ஜாக் ஹால்பர்ஸ்டாம் 1998இல் எழுதினார். அப்பருவம் வாராமலே தடுத்துவிட்டால் கண்டிப்பும் வாராது; இவ்வாசிரியர்கள் அறிந்தோ அறியாமலோ கண்ட வழி இதுவே.

ஜார்ஜுக்கு இது நன்மையா? ஒருவகையில் நன்மையே. அவன் குரலும் உடலும் பற்றிய துயரங்களை அறியவில்லை. முதற்கதையின் முடிவிற் பெண்கள் விடுதிப்பள்ளிக்குச் செல்ல அவன் இசைகின்றான்; நாயினை உடன்கொண்டு செல்லலாம் என்பதே அவனை இசைவித்தது. ஆயினும் விடுமுறை வருந்தோறும் தீவு அவனுக்காகக் காத்திருக்கின்றது. ஆனால் வாசிப்போர்க்குக் காலம் நிற்பதில்லை. பதினோரு அகவையில் ஜார்ஜிடம் தன்னைக் கண்ட குழந்தை, பதினைந்தில் மீண்டும் அந்நூலைத் திறந்தால், ஜார்ஜ் இன்னும் பதினோரு அகவையிலேயே நிற்கக் காண்கின்றது. இனி எவ்வாறு வாழ்வது என்பதற்கு அந்நூலில் விடையில்லை. வாழ்வின் முதற்பாதிக்கு மட்டும் துணைவரும் தோழன் அவன்.

முடிவுரை

உடையும் செயலும் பெயரும் துணைச்சான்றுகள். விருப்பே முதன்மைச்சான்று என்பது மேற்கூறியவற்றாற் பெறப்படும். இவ்வளவை மிகையான துணிபுகளைத் தடுக்கும். வீரச்சிறுமியர் அனைவரையும் பெண்பாலினின்று நீக்கிவிடாது. அவ்வாறே, வெளிப்படையாகக் கூறப்பட்ட ஒரு குழந்தையின் சொல்லை விளையாட்டெனத் தள்ளவும் விடாது.

தன்னை இன்ன பெயரால் அழைக்குமாறு ஜார்ஜ் கேட்டான். மீனவச் சிறுவன் ஒருவன் அவ்வாறே அழைத்தான். அதற்கென ஆராய்ச்சி எதுவும் அவன் செய்தானல்லன். உறவினர் சிறிது தயங்கி, பின் இசைந்தனர். கதைகூறுவோர் மட்டும் இருபத்தொரு கதைகளிலும் இசையவில்லை. அவர் இசையாமையை நாம் திருத்தி எழுத இயலாது. ஆனால் நம் வகுப்பறையிலும் வீட்டிலும் ஒரு குழந்தை இவ்வாறு கேட்குமாயின், எந்த வினைமுற்றால் விடை கூறுவது என்பது நம் கையில் உள்ளது.